கொள்ளு காய்ந்த தார் ரோடு

முனிரத்தினம் சார் பென்னாகரம் ரோட்டோரம் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிறு, அதன் நுனியில் விசில். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். எங்கள் அன்பு நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவர். ஒரு கையால் போகிற வண்டிகளை மறித்தார். இன்னொரு கையால் எங்கள் ரோட்டைக் காட்டினார். கல்யாண வீட்டு வாசலில் பெண்ணைப் பெற்றவர் நிற்பது போல அவ்வளவு பணிவாக நின்றார்.

கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னங்க சார்?"

"இப்பிடி உள்ளார போங்க. புது ரோடு, தார் ரோடு. சேலம் ரோட்டுக்கு நேரா போயிரலாம்."

டிரைவர் சாரைப் பார்த்தார். பிறகு விசிலைப் பார்த்தார்.

"போன வருசம் இதே எடத்துல இதே விசில ஊதி, என்னைய ரிவர்ஸ்லயே திருப்பி அனுப்புனது நீங்கதானுங்களே?"

சார் விசிலை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற செயலாளரும் பொருளாளரும் தலையைத் தூக்கி, வேப்பமரத்தில் ஏதோ அபூர்வப் பறவை வந்து உட்கார்ந்ததைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலை ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த நான், கண்ணால் கண்ட காட்சி இது. லாரியை விரட்டியவர் லாரிக்குக் கை காட்டும் நிலை எப்படி வந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். லாரி அங்கேயே நிற்கட்டும். டிரைவருக்கும் அவசரமில்லை, பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

ஜன்னல் சாத்திய நகர்

அன்பு நகருக்கு அந்தப் பெயரை வைத்தவர் மனை விற்ற புரோக்கர். அன்புக்கும் அவருக்கும் அதைத் தவிர வேறு தொடர்பு இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

தர்மபுரி டவுனுக்கு வெளியே, பென்னாகரம் ரோட்டில் பிரிந்து புளியமரங்களுக்கு நடுவே வளைந்து போய் சேலம் ரோட்டைத் தொடும் ஒரு மண் ரோடு. அதன் இரண்டு பக்கமும் அரசாங்கச் சம்பளக்காரர்களின் வீடுகள். மொட்டை மாடிகளில் டி.வி. ஆன்டெனா முளைக்க ஆரம்பித்திருந்த காலம் அது. கேட்டில் பெயர் இருக்கும், பெயருக்குக் கீழே இலாகா இருக்கும். வருவாய், கூட்டுறவு, கல்வி, சுகாதாரம் என்று ஒரு சின்ன கலெக்டர் ஆபீஸே அந்த ரோட்டில் குடியிருந்தது.

ஒருவரை ஒருவர் இலாகா கேட்பார்கள். ஊர் கேட்க மாட்டார்கள். கேட்டால் ஏரியூர், இண்டூர், வத்தல்மலை அடிவாரம் என்று பதில் சொல்ல வேண்டி வரும். அங்கே அப்பா இன்னும் கோவணத்தோடு காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும்.

ராத்திரி ராகிக் களி கிண்டும்போது எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். களிக்கட்டை சட்டியில் இடிக்கிற சத்தம் எந்த ஜன்னலுக்கும் அடங்காது. காலையில் கேட்டால், "நேத்து எங்க வூட்ல சப்பாத்திங்க" என்று சொல்வார்கள். சப்பாத்தியை யாராவது அந்த இடி இடிப்பார்களா? எங்கள் வீட்டு ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரண் சட்டம்

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காலை ஷிஃப்டுக்குப் பொழுது விடியும்போது ஸ்விட்ச் பலகை முன்னால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டவுன் பஸ்ஸோ எங்கள் பக்கம் சாவகாசமாக, பால்காரர், பேப்பர்காரர் எல்லோரும் போன பிறகுதான் வரும். அதனால் என் வீட்டுக்காரர் அருள்தாஸ் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பச்சை நிறம். பெல் மட்டும் புதுசு.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. ஏரியூரில் கோயில் மைதானத்தில், வாடகை சைக்கிளில் பழகியவள். என் அக்கா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே எப்போதோ கையை விட்டிருப்பாள். அந்தப் பொய்க்கு அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் சைக்கிள் வந்துவிட்டது.

வீட்டில் சைக்கிளைப் பார்த்ததும் என் மாமியார் சவரியம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். இண்டூர் பக்கம் மானாவாரிக் காட்டைத் தனி ஆளாகக் காப்பாற்றியவர். பாம்பைக் கண்டால் பயப்பட மாட்டார், சைக்கிளைக் கண்டு பயந்தார்.

"பொம்பள சைக்கிள்ல போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நம்ம சர்ச்சு சாமியாரே சைக்கிள்லதானுங்க அத்த பூசைக்கு வர்றாரு."

"அவரு அங்கி போட்டிருக்கிறாரு. நீ சேல கட்டியிருக்கிற."

"ரெண்டும் சக்கரத்துல மாட்டறதுதானுங்க."

வாதம் தோற்கிற இடத்தில் எல்லா மாமியார்களும் செய்வதை அத்தையும் செய்தார், ஒரு சட்டம் போட்டார்.

"ஓட்டு. வேணாங்கல. ஆனா ஒரு தடவ வுழுந்தேன்னு வெச்சுக்க, அன்னிக்கே சைக்கிளு பரண் மேல ஏறும். வேலையும் அதோட போச்சு. காட்டப் பாத்துக்கிட்டு கெடக்கலாம்."

என் வீட்டுக்காரர் அப்போது செய்தித்தாளை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அது முந்தின நாள் பேப்பர்.

அத்தைக்கு ஓதியது யார் என்பதும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு பார்வதம்மா, முனிரத்தினம் சாரின் மனைவி. ஓசூர் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுவார். அவருக்கு ஒரு மருமகள் உண்டு, அந்தப் பெண் கேட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. நான் சைக்கிளில் போகும்போதெல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஹௌதா? நெசமாவா? இது நல்லாவா இருக்குது?" என்று தெருவையே சாட்சிக்குக் கூப்பிடுவார்.

ஆக, என் சம்பளம், என் வேலை, வீட்டுக்கு வெளியே எனக்கென்று இருந்த ஒரே நாற்காலி, எல்லாம் அந்த மண் ரோட்டின் கையில் இருந்தது. ரோடு எப்படிப்பட்டது? கட்டைவண்டி போட்ட பள்ளம் ஒரு பக்கம். அதை லாரிகள் ஆழமாக்கியது இன்னொரு பக்கம். டவுனுக்குள் நெரிசலுக்குப் பயந்து கருங்கல் லாரிகளெல்லாம் எங்கள் ரோட்டில் குறுக்கே புகுந்து போகும். ஓரத்தில் ஒதுங்கலாம் என்றால் வேலிக்காத்தான் முள். மோசமான இடம் வரும்போதெல்லாம் இறங்கித் தள்ளுவேன். அந்த வருடம் சைக்கிள் என்னைச் சுமந்ததைவிட நான் சைக்கிளைச் சுமந்ததுதான் அதிகம். ஆனாலும் விழவில்லை. விழ முடியாது.

மொபெட்காரர்களின் சைக்கிள் மாநாடு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தார் போட வேண்டும், லாரி உள்ளே வராதபடி இரண்டு முனையிலும் கல்லு நட வேண்டும், நடக்கிறவர்களுக்கு ஓரத்து முள்ளை வெட்ட வேண்டும். இதைச் சங்கத்தில் சொல்லுங்கள் என்றேன்.

சங்கக் கூட்டம் முனிரத்தினம் சார் மொட்டை மாடியில் நடந்தது. பொருள், 'பாதசாரிகளுக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் உகந்த அமைதியான சாலை'. வந்தவர்கள் அத்தனை பேரும் மொபெட்காரர்கள். பால் வாங்க அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் மொபெட்டை உதைக்கிறவர்கள். அந்த ரோட்டில் நாள் தவறாமல் சைக்கிள் ஓட்டிய நான் கீழே சமையலறையில் பார்வதம்மாவோடு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு மாடியில் நாற்காலி போதவில்லையாம்.

என் வீட்டுக்காரர் எழுந்து மூன்றையும் சொன்னார். கைதட்டல் கீழே வரை கேட்டது. நான் டீயோடு மேலே போய்ச் சேர்வதற்குள் அது தலைவரின் திட்டமாக மாறியிருந்தது.

"இது என்னோட பல வருசத்து கனவு" என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு வருடம் கனவு கண்டவர் அதில் ஒரு நாளாவது சைக்கிளில் ஏறியிருக்கலாம். நான் டீ டம்ளரை நீட்டினேன். ரோடு வந்தால் போதும் எனக்கு. யார் பெயரில் வந்தால் என்ன?

அதோடு நிற்கவில்லை. நகரின் கௌரவத்துக்காக இன்னும் சில விதிகளைப் போட்டார்கள். ரோட்டில் மாடு கட்டக் கூடாது, மாடு ஓட்டிக்கொண்டு வரவும் கூடாது. கட்டைவண்டி நிற்கக் கூடாது. ரோட்டில் துணி காயப்போடக் கூடாது. கிராமத்துப் பழக்கம் எதுவும் அன்பு நகரில் தலை காட்டக் கூடாது என்று செயலாளர் உணர்ச்சிவசப்பட்டார். முந்தின ராத்திரி அவர் வீட்டில்தான் களிச் சத்தம் பலமாகக் கேட்டது.

சும்மா சொல்லக்கூடாது, சார் அலைந்தார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். தார் வரும் வரைக்கும் ரோட்டு முனையில் விசிலோடு நின்று லாரிகளைத் திருப்பி அனுப்பினார். டிரைவர்கள் திட்டினார்கள். சார் விசிலிலேயே பதில் சொன்னார்.

மாலை போட்ட கல்

ஒரு நாள் தார் டின்கள் வந்து இறங்கின. ரோடு ரோலர் வந்தது. புதுத் தார் வாசனை வீட்டுக்குள், சோற்றுக்குள், தலையணைக்குள் எல்லாம் புகுந்தது. இரண்டு முனையிலும் ஆள் உயரக் கருங்கல் தூண்களை நட்டார்கள். சைக்கிள் போகும், மொபெட் போகும், ஆள் போகலாம். நாலு சக்கரம் போக முடியாது. ஓரத்து முள் மட்டும் அப்படியே நின்றது.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் அம்பாசடர் காரில் வந்தார். கல்லுக்கு முன்னால் கார் நின்றது. உள்ளே போக முடியவில்லை. பந்தலோ ரோட்டின் நடுவில், தூரத்தில். தான் திறந்து வைக்க வந்த ரோட்டுக்குள் தன் கார் போகாது என்பதை அவருக்கு விளக்க முனிரத்தினம் சாருக்கு வெகுநேரம் பிடித்தது. கடைசியில் நடந்து வந்தார். வேர்த்துக் கொட்டியது. "இது நடக்கிறவங்களுக்கான ரோடு" என்று அவர் மைக்கில் சொன்னபோது அதில் உண்மையான வருத்தம் இருந்தது. கல்லுக்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை எல்லாம் போட்டார்கள்.

எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறேன், ஆனால் மறுநாள் காலையை மட்டும் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்னும் விடியாத நேரம். பனி. சைக்கிளில் ஏறினேன். வீட்டு வாசலிலிருந்து கல் வரைக்கும் ஒரு முறைகூட இறங்கவில்லை. பெல் அடிக்கக்கூட அவசியமில்லை, யாரும் எதிரில் இல்லை. டயர் தாரில் ஓடுகிற மெல்லிய சத்தம் மட்டும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல் அருகில் போய், சும்மா திரும்பி, ஒரு தரம் வீடு வரை வந்துவிட்டு மறுபடியும் போனேன். அன்றைக்கு ஷிஃப்டுக்குத் தாமதம்.

தை பிறந்தது, வழி அடைத்தது

அந்தச் சந்தோஷம் தை வரைக்கும் இருந்தது.

எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கொள்ளு அறுப்பது அப்போதுதான். செடியைப் பிடுங்கி, களத்தில் காயப்போட்டு, நெற்று வெடிக்க அடித்து, தூற்றி எடுக்க வேண்டும். மண் களத்தில் போட்டால் கல்லும் மண்ணும் சேர்ந்து வரும். தார் ரோட்டில் போட்டால் சுத்தமான கொள்ளு. போகிற வருகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும், கூலி ஆள் வேண்டாம். தர்மபுரி மாவட்டத்தில் ரோடு என்று ஒன்று எதற்குப் போடுகிறார்கள் என்று எந்தக் குடியானவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

முதலில் வந்தது தலைவர் வீட்டுக் கொள்ளு. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து அவர் அண்ணன் ஒரு டெம்போவில் கொண்டுவந்து, கல்லுக்கு வெளியே இறக்கி, தலைச்சுமையாக உள்ளே சேர்த்தார். ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டில் பரப்பிவிட்டார்கள். சார் காலையில் எல்லோரிடமும், "சொந்தக்காரங்க போட்டுட்டாங்க, ரெண்டு நாளுதான்" என்றார், அந்தச் சொந்தக்காரர் யாரென்று சொல்லாமலே.

மறுநாள் செயலாளருக்கும் சொந்தக்காரர் முளைத்தார். அதற்கு மறுநாள் பொருளாளருக்கு. ஒரே வாரத்தில், இலாகா மட்டும் இருந்த எங்கள் நகரில் எல்லோருக்கும் ஊர் இருப்பது தெரிந்துபோயிற்று. கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். விதி போட்ட வாய்களெல்லாம் இப்போது எல்லை பேச ஆரம்பித்தன. எங்கள் கேட்டிலிருந்து உங்கள் கேட் வரை எங்கள் கொள்ளு, உங்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் கொள்ளு.

என் மாமியார் சும்மா இருப்பாரா?

"டிரில் மாஸ்டர் வூட்டு கொள்ளு தார்ல காயுது. நம்மளது மட்டும் மண்ணுல கெடக்கணுமா?" என்று இண்டூருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

காய்ந்த கொள்ளுச் செடி மேல் சைக்கிள் ஏறினால் முன் சக்கரம் நழுவும், பின் சக்கரத்தில் கொடி சுற்றும். நல்லவேளையாக ஓரத்தில் ஒரு முழம் தார் விட்டிருந்தார்கள். அந்த முழத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிப் போய் வந்தேன். நடக்கிறவர்கள் மறுபடியும் முள் பக்கம் ஒதுங்கினார்கள். பாதசாரிகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உகந்த சாலையில் பாதசாரிக்கும் சைக்கிளுக்கும்தான் இடமில்லை.

ஆனால் அன்பு நகரின் பெரிய கவலை அது இல்லை. கொள்ளு நன்றாகக் காய்ந்துவிட்டது, நெற்று மட்டும் வெடிக்கவில்லை. எப்படி வெடிக்கும்? வண்டிதான் வரக்கூடாதென்று கல் நட்டிருக்கிறோமே!

கோலெடுத்து அடித்தால் அரை நாளில் முடியும். ஆனால் வருவாய் இலாகா பார்க்கும்போது கூட்டுறவு இலாகா கோலெடுக்குமா? மாடு கட்டி மிதிக்க விடலாம் என்றால் மாடு கூடாது என்று விதி. மொபெட்டை ஏற்றிப் பார்த்தார்கள். பொருளாளரின் மொபெட் செயினில் கொடி சுற்றி, அவர் அதைச் சாய்த்துப்போட்டு ஒரு பகல் முழுக்கப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் மொபெட்டுக்குத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

இதற்குள் வத்தல்மலைப் பக்கம் மேகம் கட்ட ஆரம்பித்தது. நனைந்தால் அத்தனையும் கறுத்துப்போகும்.

அவசரக் கூட்டம் கூடியது. தற்காலிகமாக என்று ஒரு சொல்லைச் சேர்த்து, இரண்டு முனைக் கல்லையும் பிடுங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ரோஜா மாலையின் நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த கல்லைக் கடப்பாறை போட்டு முனிரத்தினம் சாரே சாய்த்தார். பிறகு விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு லாரி பிடிக்கப் போனார். அங்கேதான் நாம் அவரை விட்டுவிட்டு வந்தோம்.

ஒரு முழம் தார்

டிரைவர் பீடியை அணைத்தார்.

"இல்லீங்க சார். எங்களுக்கு வேற வழி பழகிருச்சு. இப்ப உள்ளார போவேன், பாதி தூரத்துல மறுபடி யாராச்சும் விசில் ஊதுவீங்க. எதுக்குங்க வம்பு?"

லாரி புகையைக் கக்கிக்கொண்டு நேரே போய்விட்டது. அந்த ஒரு ஆளாவது அன்பு நகரைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் உள்ளே திரும்பினேன்.

வழக்கமான ஒரு முழம் தாரில் போய்க்கொண்டிருந்தேன். வெயிலில் தார் இளகிய வாசனையும் கொள்ளுச் சருகின் வாசனையும் கலந்து வந்தன. எங்கள் வீட்டை நெருங்கும்போதுதான் பார்த்தேன். முழத்தைக் காணோம். ஓரம் வரைக்கும், முள் வரைக்கும், ஒரு விரல் இடம் விடாமல் கொள்ளு. இண்டூர்க் களத்தில் ஏற்கெனவே காய்ந்த எங்கள் கொள்ளு. காலையில் நான் வேலைக்குப் போன பிறகு வந்திறங்கியிருக்கிறது. அதன் நடுவில் ஸ்டூல் போட்டு, குடை பிடித்து, கோழி விரட்டிக்கொண்டு என் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

இறங்கிவிடலாம் என்று பிரேக்கைப் பிடிக்கப்போன அந்த நொடியில், எனக்குப் பின்னால் விசில் அலறியது. லாரி போன கோபத்தில் வீட்டுப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்த முனிரத்தினம் சாருக்கு என் சைக்கிளும் ஒரு வாகனமாகத் தெரிந்துவிட்டது.

"எறங்காதம்மா! மேல ஏத்து! மேல ஏத்து!"

திடுக்கிட்டுத் திரும்பினேன். முன் சக்கரம் கொள்ளில் ஏறியது. நழுவியது. கைப்பிடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சைக்கிள் பக்கவாட்டில் சரிந்து, செடியை இழுத்துக்கொண்டே போய், சரியாக அத்தையின் ஸ்டூலுக்கு முன்னால் நின்றது.

தெருவே பார்த்தது. பார்வதம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

எழுந்து நின்றேன். முழங்கை எரிந்தது. சேலை முழுக்கச் சருகு. அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவ்வளவு மேட்டிலும் பள்ளத்திலும் விழாதவள், நானே கேட்டு வாங்கிய ரோட்டில் விழுந்துவிட்டேன். என் பலகையும் காதில் மாட்டும் கருவியும் என் நாற்காலியும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

அத்தை குடையை மடக்கிக்கொண்டு வந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. சைக்கிள் இழுத்துக்கொண்டு போன தடத்தில் குனிந்து கையை விட்டார். ஒரு கை அள்ளி, வாய்க்கு அருகில் கொண்டுபோய் ஊதினார். சருகு பறந்தது. உள்ளங்கையில் பளபளவென்று கொள்ளு.

"ஏ மேரி, இங்க பாரு. நெத்து பூராவும் வெடிச்சுக் கெடக்குது."

"அத்த, நான் வுழுந்துட்டேனுங்க."

"அதான் பாத்தனே. அடி பட்டுச்சா?"

"முழங்கையில."

"அப்பறம் மஞ்சா வெச்சுக்கலாம். மேகம் வருது பாரு. ஏறு. நம்ம வூட்டு முன்னால மட்டும் நாலு சுத்து சுத்திட்டு வா."

நான் ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மாதிரி ஒரு நேரம் மருமகள்களுக்கு அடிக்கடி வாய்க்காது.

"மறுபடியும் வுழுந்துட்டா?"

"வுழுந்தா என்னா? எந்திரிச்சி ஓட்டு. பச்சப் புள்ளயா நீ?"

"அப்ப பரண்?"

அத்தை ஒரு தரம் வானத்தைப் பார்த்தார். ஒரு தரம் தெருவைப் பார்த்தார்.

"பரண்ல எங்க புள்ள எடம் இருக்குது? இந்தக் கொள்ளு மூட்டையெல்லாம் எங்க வெக்கறதாம்?"

ஏறினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மெதுவாக, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஓட்டினேன். கொஞ்சம் தள்ளாடியது. பிறகு பழகிவிட்டது. சக்கரத்துக்குக் கீழே நெற்றுகள் படபடவென்று வெடித்தன. கொடி சுற்றினால் அத்தையே வந்து பிடுங்கி எறிந்தார். லாரி ஏறியிருந்தால் ஒரே ஓட்டத்தில் முடிந்திருக்கும். சைக்கிளில் கால் கடுத்துப்போயிற்று. ஆனாலும் நான் இறங்கவில்லை, பெல் வேறு அடித்துக்கொண்டு சுற்றினேன்.

முனிரத்தினம் சார் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கி நின்று பார்த்தார். பார்வதம்மாதான் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். இத்தனை நாளில் என் சைக்கிள் பக்கம் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"சவரியம்மா, ஒங்க கொள்ளு முடிஞ்சதும் ஒங்க மருமகள எங்க வூட்டு முன்னாலயும் கொஞ்சம் ஓட்டச் சொல்லுங்களேன். எவ்வளவு நல்லா ஓட்டுது பாருங்க."

அத்தை முறத்தைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"அவளுக்குக் காலையில டூட்டி இருக்குதுங்க, கால் வலிக்கும். ஒங்க கொள்ளு ஒடையணும்னா ஒங்க மருமகளுக்கு ஒரு சைக்கிளு வாங்கிக் குடுங்க."